ஒரு பகல் நடை

பர்மிங்காமில் குடியிருந்த காலத்தில், ஓராண்டில் நான்கு பருவத்திலும் லட்லோவுக்குப் போனேன். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில், டீம் ஆற்றின் மேல் குன்றில் அமர்ந்திருக்கும் சிறிய ஊர் அது. கோட்டை பார்க்கத்தான் முதலில் போனேன். சந்தைக்காகவே மற்ற மூன்று முறையும் போனேன்.

முதல் பயணம் மே மாதத் தொடக்கத்தில். கோட்டை வாசலில் திருவிழாச் சந்தை. ராட்டினங்களுக்கு நடுவே பிள்ளைகளின் கூச்சல். வாரச் சந்தை உள்ளூராருக்கு, ஆண்டுச் சந்தை தூரத்து வியாபாரிகளுக்கு என்பது இடைக்கால இங்கிலாந்தின் வழக்கம். வந்தவன் மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடுவான் என்பதால், வழக்குகளை அங்கேயே உடனுக்குடன் தீர்க்கத் தனி நீதிமன்றமும் கூடியது. அதன் பெயருக்குப் பொருள் ‘புழுதிக் கால்’. புழுதி படிந்த காலோடு வந்தவனுக்கும் நியாயம் காத்திருக்க வேண்டியதில்லை என்ற அந்த எண்ணம் எனக்கு மிகப் பிடித்தது.

கோடையில் தெருக்களை நிதானமாகப் பார்த்தேன். லேசி என்ற நார்மன் குடும்பம் 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. அதன் வாசலிலிருந்து மாடுகள் விற்ற புல் ரிங் வரை அகன்ற வீதி முழுவதும் சந்தைதான். வாரந்தோறும் பிரித்துக் கட்டிய கடைகள் காலப்போக்கில் நிலைத்து, மேலே மாடியும் எழுந்து, வீடுகளாயின. அகன்ற வீதி இடுங்கிய சந்துகளானது இப்படித்தான். ஹார்ப் லேனில் நடப்பவர் பழைய கடை வரிசைகளின் இடைவெளியில் நடக்கிறார். அருகில் 1740-களில் கட்டிய பட்டர்கிராஸ். அதன் தூண்களின் நிழலில்தான் வெண்ணெய் விற்றார்கள்.

செப்டம்பரில் உணவுத் திருவிழா. 1995-இல் தொடங்கிய அது கோட்டைக்குள்ளேயே நடக்கிறது. ஆப்பிள், பாலாடைக்கட்டி, சாஸேஜ் என்று சுற்றுவட்டாரத்து விளைச்சலெல்லாம் அங்கே வந்து குவிந்திருந்தது. இடைக்காலத்தில் ஊருக்குச் செல்வம் தந்தது ஆட்டு ரோமம். நெய்த கம்பளியை அடித்து இறுக்கும் ஆலைகளை டீம் ஆற்றின் தண்ணீர் சுழற்றியது. புனித லாரன்ஸ் தேவாலயத்தின் உயர்ந்த கோபுரத்தில் அந்த வியாபாரப் பணமும் இருக்கிறது.

கடைசிப் பயணம் ஜனவரியில். உறைபனியில் கடைகள் பாதிதான். வயதான காய்கறிக்காரரிடம் லீக்ஸ் வாங்கிக்கொண்டே, இந்தக் குளிரிலும் கடை போடுவானேன் என்று கேட்டேன். “இன்று சந்தை நாள்” என்றார். வேறு காரணம் சொல்லவில்லை.

ஒரு சந்தைக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம் வேண்டும் என்பதற்கு, 13-ஆம் நூற்றாண்டில் பிராக்டன் பெயரில் வழங்கிய சட்ட நூல் ஒரு கணக்குச் சொல்கிறது. ஒருவர் ஒரு பகலில் நடக்கக்கூடியது 20 மைல். பகலில் ஒரு பங்கு சந்தைக்குப் போக, ஒரு பங்கு வாங்க விற்க, ஒரு பங்கு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப. ஆகவே பழைய சந்தைக்கு 6⅔ மைலுக்குள், அதாவது சுமார் 11 கிலோமீட்டருக்குள், புதுச் சந்தை வந்து அதைக் கெடுக்கக்கூடாது. சுமையோடு நடப்பவரின் கால்தான் அந்தச் சட்டத்துக்கு அளவுகோல்.

1852-இல் லட்லோவுக்கு ரயில் வந்ததும் அந்தக் கணக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1880-களில் சந்தைச் சதுக்கத்தின் நடுவே செங்கல் நகரமன்றம் எழுந்தது. அதை 1986-இல் இடித்தார்கள். காலியான இடத்தில் வேறொன்றைக் கட்டாமல் வெட்டவெளியாகவே விட்டதை, அந்த ஊர் தனக்குச் செய்துகொண்ட பெரிய நன்மை என்பேன். பழமையைக் காப்பதென்றால் கல்லைக் காப்பது மட்டுமல்ல. அங்கே நடந்த வேலை தொடர இடம் விடுவதும்தான்.

லட்லோ போகிறவர்கள் திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாள்களில் ஒன்றாகப் பார்த்துப் போங்கள். அவைதான் சந்தை நாள்கள்.