ஆதுலசாலையும் அகத்தின் ஆறுதலும்

நோயுற்ற உடம்பிற்கு மருந்து இன்றியமையாதது. அம்மருந்து நன்கு பயன்படுதற்கு, நோயாளர் கிடக்கும் இடத்தின் அமைதியும், பேணுவாரின் அன்பும் பெருந்துணை புரிவன. இவ்வுண்மையை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்குத் திருக்கோயிற் கல்வெட்டுக்களே சான்று பகர்கின்றன. குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில் அவற்றை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் சாலப் பொருத்தமாகும்.

அறங்களை முப்பத்திரண்டு என வகுத்த பெரியோர், ஆதுலர்க்குச் சாலை அமைத்தலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். ஆதுலர் என்பார் நோயால் வருந்துவோர். காஞ்சியில் அம்மை காமாட்சி இவ்வறங்கள் அனைத்தையும் செய்தருளினாள் என்பது வழிவழி வந்த மரபு. அம்மரபினைச் சோழர் குலத்தார் செயலிற் காட்டினர். முதலாம் இராசராசனின் தமக்கையாராகிய குந்தவைப் பிராட்டியார், தம் தந்தையார் சுந்தர சோழர் பெயரால் தஞ்சையில் விளங்கிய ஆதுலசாலைக்கு நிலம் வழங்கினார்.

இவ்வகையில் விரிவான செய்தி தருவது திருமுக்கூடற் கல்வெட்டு. காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் அமைந்த பெருமாள் கோயிலில் அஃது உள்ளது. அறத்திற்குச் சைவம் வைணவம் என்னும் வேறுபாடு இன்மையின், நாமும் அதனை உவந்து போற்றுதல் தகும். வீரராசேந்திர சோழர் (1063–1070) காலத்திற் பொறிக்கப்பெற்று, 1915-இல் படியெடுக்கப்பெற்றது அக்கல்வெட்டு. அக்கோயிலைச் சார்ந்து கல்லூரியும், மாணவர் விடுதியும், ‘வீரசோழன்’ என்னும் பெயர் பூண்ட ஆதுலசாலையும் இயங்கினமையை அதனால் அறிகின்றோம்.

அங்கே நோயாளர் 15 பேர் தங்கியிருக்க இடம் இருந்தது. மருத்துவர் ஒருவரும், சல்லியக்கிரியை எனப்படும் அறுவை செய்வார் ஒருவரும் இருந்தனர். மூலிகை கொணர்ந்து மருந்து அடுவார் இருவர். நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர். நாவிதரும் நீர் கொணர்வாரும் வேறு. நாள்தோறும் நோயாளர் ஒருவர்க்கு அரிசி ஒரு நாழி. ஓராண்டிற்கு வேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபது வகை இருப்பில் வைக்கப்பெற்றன.

இவற்றோடு இரவில் ஒரு விளக்கு எரிதற்கும் எண்ணெய்க்கு வகை செய்திருந்தனர். அச்சிறு விளக்கை அன்பர்கள் ஊன்றி நோக்குவாராக. நலமுடையார்க்கு உறக்கத்திற் கழியும் இரவு, நோயாளர்க்கு நெடிது. இருளில் அச்சம் மிகும். அச்சத்தால் வலியும் மிகும். விளக்கொளியும், வேண்டும்போது கிடைக்கும் நீரும், அருகிருந்து பேணும் கையும் அவ்வச்சத்தைத் தணிப்பன. இவை மருந்தல்ல, ஆயினும் மருந்தோடு ஒரே கணக்கில் வைத்து எண்ணப்பட்டன. நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு, உடனிருந்து உதவுவானையும் மருத்துவத்தின் ஒரு கூறாக வள்ளுவர் எண்ணியதும் இக்கருத்துப் பற்றியே போலும்.

இக்கால ஆராய்ச்சியும் இதனை வலியுறுத்துகின்றது. அமெரிக்காவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட நோயாளரை, 23 இணைகளாக ஒப்பிட்டு, ரோஜர் உல்ரிக் என்னும் அறிஞர் 1984-இல் கட்டுரை வெளியிட்டார். ஒவ்வோர் இணையிலும் ஒருவருடைய சாளரம் மரங்களை நோக்கியது. மற்றவருடையது செங்கற் சுவரை நோக்கியது. மரங்களைக் கண்டவர் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினர். சுவரைக் கண்டவர்க்கு 8.70 நாள் ஆயிற்று. முன்னவர்க்கு வலி தணிக்கும் கடுமருந்தும் குறைவாகவே வேண்டியிருந்தது.

1995-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மறதிநோயுற்ற உறவினரை நெடுநாள் பேணி மனம் தளர்ந்த பெண்டிர் 13 பேரையும், அச்சுமை இல்லாத 13 பேரையும் ஒப்பிட்டது. தோலில் ஏற்படுத்திய ஒரே அளவினதாகிய சிறு புண், முன்னவர்க்கு ஆறுதற்குச் சராசரியாக 9 நாள் மிகுதியாயிற்று. இடையறாக் கவலை கார்டிசால் முதலிய சுரப்புக்களை மாற்றுகின்றது; புண்ணை ஆற்றும் தொடக்க வேலைகள் அதனால் தாழ்கின்றன. பேணுவாரும் பேணப்படல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். அமைதி மருந்திற்கு மாற்று அன்று. திருமுக்கூடலார் விளக்கேற்றியதனால் அறுவை செய்வாரை நீக்கிவிடவில்லை. இறைவன் சந்நிதியிலேயே மருத்துவரையும் அமர்த்தினர். திருவருளை நம்புவார் மருந்தை இகழ்தல் முன்னோர் நெறியன்று.

கோபுரத்திற்கும் கலசத்திற்கும் வாரி வழங்கிய கொடையாளர்கள், இனி நோயாளரையும் நினைவிற் கொள்வார்களாக. நிழல் தரும் ஒரு மரம், தூய குடிநீர், முதியோர் சாய்ந்திருக்க ஒரு திண்ணை, மருத்துவமனையில் துணையின்றிக் கிடப்பார்க்கு ஒரு வேளைத் துணை ஆகியன பெருஞ்செலவின, அல்ல, பெரும்பயன் தருவன. அன்று எண்ணெய்க்கு வகை செய்தாரின் விளக்கு அணைந்து நூற்றாண்டுகள் பல கடந்தன. அவ்வறத்தின் ஒளியோ கல்லில் நின்று இன்றும் வழிகாட்டுகின்றது. அவ்வொளி நம் ஊரிலும் பரவ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாகுக.