தீர்ப்பை நீக்கும் தீர்ப்பு

ஸ்திரீகளை விபசாரத்தின் பொருட்டு ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்வோரைத் தண்டிப்பதற்கென்று 1910ஆம் வருஷம் ஜூன் மாதம் அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட் மான் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஆயினும் ஐந்து வருஷம் நிறைவதற்குள், அவ்வாறு கொண்டுசெல்லப்பட்ட ஸ்திரீயின்மீதே சதிக்கு உடந்தை என்று குற்றம் சாட்டலாமா என்ற வழக்கு அந்நாட்டின் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. சாட்டலாம் என்று 1915இல் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். சட்டத்தின் பார்வையில் அவள் பாதிக்கப்பட்டவளேயன்றிக் குற்றவாளியல்லள் என்று மாறுபட்டு நின்றவர் நீதிபதி லமார். 1932இல் கெபார்டி வழக்கில், உடன்செல்ல இசைந்தாள் என்பது ஒன்றே அவளைச் சதிகாரியாக்கிவிடாது என்று அதே கோர்ட்டு ஒரு வரம்பு கட்டியது.

மேலிடத்தில் கட்டிய அந்த வரம்பு நியூயார்க் நகரத்தின் சின்னஞ்சிறு கிரிமினல் கோர்ட்டுகளைக் காக்கவில்லை. விபசாரம் செய்தாள் என்றோ, 1976இல் நியூயார்க் மாநிலம் இயற்றி 2021இல் நீக்கிய சட்டத்தின்படி அந்த நோக்கத்துடன் தெருவில் நின்றாள் என்றோ பிடிபட்டவள், அவளை விற்றுப் பிழைப்பவன் மறைவில் நிற்க, அவனுக்கு அஞ்சியே குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை முடிந்ததும் அவனிடமே திரும்புவதுண்டு. பின்னொரு நாள் அவள் தப்பி வந்தாலும் அந்தத் தண்டனைப் பதிவு அவளை விட்டு நீங்குவதில்லை. வேலை கேட்குமிடத்திலும், வாடகைக்கு வீடு தேடுமிடத்திலும் அது முன்னே வந்து நிற்கும். அந்நிய தேசத்தவளாயின் நாடு கடத்தப்படுவதற்கும் ஏதுவாகும்.

2000ஆம் வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் ஆள் கடத்தலுக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. ஐக்கிய நாடுகள் சபையின் பலெர்மோ உடன்படிக்கையும் அவ்வருஷத்தியதே. நியூயார்க் மாநிலமும் 2007இல் ஆள் கடத்தலைக் குற்றமாக்கிற்று. இவற்றால் ஒரு விசித்திரமான முரண்பாடு விளைந்தது: சர்க்காரின் ஓர் இலாகா பாதிக்கப்பட்டவள் என்று அத்தாட்சி வழங்கிய ஸ்திரீயே, மற்றோர் இலாகாவின் ஏட்டில் குற்றவாளியாக நீடித்தாள். 2010இல் கவர்னர் பாட்டர்சன் கையொப்பமிட்ட சட்டம் இதற்குப் பரிகாரம் தேடியது. அமெரிக்க மாநிலங்களில் இவ்வகைச் சட்டத்தை முதலில் இயற்றியது நியூயார்க்கே. தண்டனை விதித்த கோர்ட்டிலேயே மனுச் செய்து, தண்டனைக்குக் காரணமான செயல் கடத்தலின் விளைவு என்று நிரூபித்தால், தீர்ப்பே ரத்தாகும். சர்க்கார் அத்தாட்சி இருந்தால் அது மனுவுக்குச் சாதகமான அனுமானத்தை உண்டாக்கும், இல்லாவிடினும் மனு செல்லும்.

மன்னிப்புக்கும் இதற்கும் உள்ள பேதம் சிறிதன்று. மன்னிப்பு என்பது குற்றம் நிகழ்ந்ததென்று கொண்டு தண்டனையை மட்டும் தள்ளுபடி செய்யும் கருணை. பதிவேட்டை முத்திரையிட்டு மூடுவது குற்றத்தைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் ஏற்பாடு. தீர்ப்பை ரத்துச் செய்வதோ, அப்படியொரு தீர்ப்பு நிற்கத் தகாதது என்று நியாயஸ்தலமே ஒப்புவது.

சட்டத்தின் எழுத்து முதலில் விபசாரம் சார்ந்த குற்றங்களையே குறித்தது. ஆனால் கடத்துபவனின் ஏவலால் நேர்பவை அவை மட்டுமல்லவே! 2011இல் குவீன்ஸ் கிரிமினல் கோர்ட்டில் நீதிபதி டோகோ செரிட்டா, கணவனாலேயே கடத்தல் கொடுமைக்கு ஆளான ஒருத்தியின் வழக்கில், அத்துமீறிப் புகுந்தது, போதைப்பொருள் வைத்திருந்தது என்ற தண்டனைகளையும் சேர்த்தே ரத்துச் செய்தார். அந்தத் தாராளத்தைச் சட்டம் எட்டிப்பிடித்துப் பிற குற்றங்களையும் தன்னுள் அடக்க 2021 வரை ஆயிற்று. இதற்கிடையில் இங்கிலாந்து, 2015ஆம் வருஷத்து நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 45ஆம் பிரிவால், வழக்கு நடக்கும்போதே இந்த நியாயத்தை எடுத்துரைக்க இடமளித்தது. எனினும் அச்சட்டத்தின் அட்டவணையிலுள்ள பல கடுங்குற்றங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இத்தனை திருத்தங்களுக்குப் பின்னும் நியூயார்க்கில் வழக்கின் பாரம் தவறிழைக்கப்பட்டவள் தலையிலேயே இருக்கிறது. வக்கீலைத் தேடி, பழைய துன்பங்களை வரிசையாக எழுதி ஒப்பமிட்டு, அவள்தான் மனுச் செய்ய வேண்டும். கைதுசெய்த போலீஸும், வழக்காடிய பிராசிக்யூட்டரும், அத்தாட்சி வழங்கிய இலாகாவும் சர்க்காரின் அங்கங்களாயிருக்க, தன் ஏடுகளைத் தானே ஒப்புநோக்கித் தன் பிழையைத் தானே நீக்கும் கடமை சர்க்காரைச் சேர்ந்ததன்றோ? நூறு வருஷங்களுக்குமுன் லமார் கண்ட நியாயம் முழுமை பெறுவதற்கு எஞ்சிய பங்கு இதுவே.