மார்கரெட் பார்த்த ப்ரூஃப்

1921இல் மார்கரெட் பெத்தர்பிரிட்ஜ் ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் சேர்ந்தபோது அவருக்கு 24 வயது. ப்ரூக்ளினில் பிறந்து ஸ்மித் கல்லூரியில் படித்தவர். ஞாயிறு ஆசிரியருக்குக் காரியதரிசி என்றுதான் எடுத்தார்கள். ஆனால் அலுவலகத்தில் வேறு யாரும் விரும்பாத ஒரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. வாசகர்கள் அனுப்பும் குறுக்கெழுத்துப் புதிர்களில் வாரம் ஒன்றை எடுத்து அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பார்வைக்கு லட்சணமாக இருக்கும் கட்டத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். தானே போட்டுப் பார்ப்பது கிடையாது. ப்ரூஃபும் யாரும் பார்ப்பதில்லை. எண் மாறியிருக்கும், குறிப்பு விட்டுப்போயிருக்கும், விடைக்கும் கட்டத்துக்கும் பொருத்தமே இருக்காது.

அடுத்த ஆண்டு பிராங்க்ளின் பி. ஆடம்ஸ் என்ற புகழ்பெற்ற பத்தி எழுத்தாளர் அதே பத்திரிகைக்கு வந்துசேர்ந்தார். அவருக்குப் புதிர்ப் பித்து உண்டு. வாரா வாரம் மார்கரெட்டின் மேஜைக்கு வந்து பிழைகளைச் சுட்டிக் காட்டிவிட்டுப் போவார். ஒருநாள் மார்கரெட் தானே பென்சிலை எடுத்து ஒரு புதிரைப் போட உட்கார்ந்தார். முடிக்கவே முடியவில்லை. வாசகர்கள் இத்தனை நாள் எதைப் பொறுத்துக்கொண்டார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. இடது கையை அகராதியின் மேல் வைத்து, வலது கையை உயர்த்தி, இனி இந்த வேலையை ஒழுங்காகச் செய்வேன் என்று சத்தியம் செய்துகொண்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

நான் சென்னையில் அச்சகங்களில் ப்ரூஃப் பார்த்தே ஓய்வு பெற்றவள். இப்போது நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ‘நியூயார்க் டைம்ஸ்’ வந்தால், அதன் இணைப்பிதழில் உள்ள பெரிய குறுக்கெழுத்தை மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து போடுவோம். குறுக்கெழுத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் ஆர்தர் வின் பெயரைச் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் இன்று நாங்கள் போடும் ஞாயிற்றுக்கிழமைப் புதிர் மார்கரெட்டின் கைவேலை. எழுதுகிறவரின் பெயர் நிற்கும், பிழை பார்க்கிறவரின் பெயர் நிற்காது என்பது எங்கள் தொழிலின் வழக்கம். இவர் விஷயத்திலாவது அது மாற வேண்டும் என்று எனக்கு ஆசை.

வின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்கா வந்தவர். ‘வேர்ல்ட்’ பத்திரிகையின் ‘ஃபன்’ என்ற வேடிக்கைப் பகுதியைக் கவனித்துவந்தார். 1913 டிசம்பர் 21, ஞாயிறு இதழுக்காக வைர வடிவில், நடுவில் வெற்றிடம் விட்டு ஒரு கட்டம் போட்டார். உச்சிக்கு அடுத்த வரிசையில் ‘ஃபன்’ என்ற சொல்லை அவரே நிரப்பிக் கொடுத்திருந்தார். அந்தக் கட்டத்தை இப்போது பார்த்தாலும் என் கை சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. புறா என்ற ஒரே விடை இரண்டு இடத்தில் வருகிறது. இன்னொரு விடை ‘டோ’: கோமுதிப் பனையின் நார் என்று குறிப்பு. நியூயார்க்கில் டிராமில் போகிறவருக்கு அந்த நாரை எங்கிருந்து தெரியும்? வின் வைத்த பெயர் ‘வேர்டு-கிராஸ்’. சில வாரங்களில் அச்சுக்கூடத்தில் அது தலைகீழாக மாறி ‘கிராஸ்-வேர்டு’ என்று வந்துவிட்டது. அதுவே நிலைத்தது.

மார்கரெட்டும் அவருடன் பணிசெய்த புரோஸ்பர் புரனெல்லி, கிரகரி ஹார்ட்ஸ்விக் இருவரும் சேர்ந்து இந்த விளையாட்டுக்கு விதிகளை வகுத்தார்கள். இரண்டெழுத்துச் சொல் கூடாது. கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் இருக்க வேண்டும். கறுப்பு மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எந்த மூலையும் தனித்தீவாகக் கூடாது. ஒவ்வொரு எழுத்தும் இடமிருந்து வலமாக ஒரு சொல்லிலும் மேலிருந்து கீழாக இன்னொரு சொல்லிலும் உட்கார வேண்டும். இந்தக் கடைசி விதிதான் உயிர். கோமுதிப் பனை போன்ற ஒன்று தெரியாவிட்டாலும் குறுக்கே வரும் சொற்கள் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். தெரியாதவரைக் கைவிடாத ஏற்பாடு அது.

தமிழில் இதை அப்படியே செய்ய முடியாது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பதால், புள்ளி வைத்து முடியும் சொல்லின் கடைசிக் கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல்லைத் தொடங்க வழியில்லை. நம் பத்திரிகைகளின் குறுக்கெழுத்தில் கறுப்பு அதிகம் தெரிவதற்குக் காரணம் இதுதான். போடுபவர்களின் சோம்பல் அல்ல.

1924இல் ரிச்சர்ட் சைமன், மேக்ஸ் ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் பதிப்பகம் தொடங்கினார்கள். சைமனின் அத்தை, குறுக்கெழுத்துகளை மட்டும் தொகுத்த புத்தகம் கிடைக்குமா என்று கேட்டார். அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. மார்கரெட் உள்ளிட்ட மூவரும் தொகுத்துக் கொடுத்தார்கள். புதிதாய்த் தொடங்கிய பதிப்பகத்தின் பெயர் கெட்டுவிடுமோ என்று பயந்து, பிளாஸா என்ற வேறு பெயரில் 3,600 பிரதி அச்சிட்டார்கள். ஒவ்வொன்றோடும் ஒரு பென்சில். அந்த ஆண்டு முடிவதற்குள் விற்பனை லட்சங்களில் போனது. பால்டிமோர் – ஒஹையோ ரயில்களில் பயணிகளுக்காக அகராதி வைத்தார்கள். ‘நியூயார்க் டைம்ஸ்’ மட்டும் இது காலத்தை வீணாக்கும் பாவம் என்று தலையங்கம் எழுதியது. அதன் பின் 17 ஆண்டுகள் புதிர் போடாமல் வீம்பாக இருந்தது.

அந்த வீம்பை உடைத்தது போர். 1941 டிசம்பர் 7இல் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. அதே மாதம் ‘டைம்ஸ்’ ஞாயிறு ஆசிரியர் லெஸ்டர் மார்க்கல், விளக்கணைத்து உட்கார வேண்டிய இரவுகள் வரக்கூடும், வாசகர்களுக்கு மனசை ஆற்ற ஏதாவது வேண்டும் என்று மேலிடத்துக்குக் குறிப்பு அனுப்பினார். மார்கரெட்டிடம் ஆலோசனை கேட்டார்கள். பதிப்பாளர் ஜான் ஃபாராரை மணந்து அவர் அப்போது மார்கரெட் ஃபாரார் ஆகியிருந்தார். புதிர் போடும்போது யாராலும் தன் கவலைகளை நினைக்க முடியாது என்பது அவர் எழுதி அனுப்பிய வாதம். 1942 பிப்ரவரி 15, ஞாயிறன்று, சார்லஸ் எர்லன்கோட்டர் அமைத்த முதல் புதிர் வெளியானது. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த அதே ஞாயிறு. அதன் பிறகு நாகப்பட்டினத்துப் பக்கம் எத்தனையோ வீடுகளுக்கு மலாயாவிலிருந்து மணியார்டர் நின்றுபோனது. அந்தத் தேதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டும் சேர்ந்துதான் நினைவுக்கு வருகிறது. சாவு, நோய், போர், வரி எதுவும் கட்டத்துக்குள் வரக் கூடாது, அதெல்லாம் மற்ற பக்கங்களில் வேண்டிய மட்டும் இருக்கிறது என்று மார்கரெட் வைத்த கட்டுப்பாட்டைச் சிலர் அசட்டு மென்மை என்கிறார்கள். அந்த ஆண்டுகளை நினைத்துப் பார்த்தால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஞாயிறு புதிரின் விசேஷம் அதன் தலைப்பு. இன்று அது பெரும்பாலும் 21க்கு 21 கட்டம். அதிகபட்சம் 140 சொற்கள். அவற்றில் நீளமான சில விடைகள் மட்டும் ஒரு கருத்துச்சரட்டில் கோத்திருக்கும். தலைப்பு அந்தச் சரட்டுக்குத் தரும் ஜாடை. தொடக்கத்தில் கருத்து என்றால் ஊர்ப் பெயர்கள், பூக்கள் என்று பட்டியலாகத்தான் இருந்தது. 1950களின் கடைசியில் ஹாரல்ட் பெர்ஸ் என்ற விளம்பரத்துறைக்காரர் ‘கேட்டலாக்’ என்று ஒரு புதிர் போட்டார். ஆங்கிலத்தில் தலைப்பின் முதல் மூன்றெழுத்திலேயே பூனை ஒளிந்திருக்கிறது. நீண்ட விடைகளுக்குள் பூனைக்கான வெவ்வேறு பெயர்கள். அது எங்கேயும் சொல்லப்படவில்லை. போடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். மார்கரெட் இதைப் புரிந்துகொண்டு இடம் கொடுத்தார். குறுக்கெழுத்து அகராதிப் பரீட்சையாக இருந்த நிலை மாறி, சொல்விளையாட்டு ஆனது அங்கேதான் என்பது என் எண்ணம்.

இப்போதைய ஞாயிறு புதிரின் போக்கைத் தமிழில் காட்ட வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம். ‘முருகன் டிக்கெட் எடுத்து ஏறியது?’ என்று குறிப்பு. விடை, ‘ரயில் வாகனம்’. ‘விருந்தாளி வாசலில், கையில் துடைப்பம்?’ என்றால் ‘ஓடிப் பெருக்கு’. எல்லாருக்கும் தெரிந்த தொடர்தான், முதல் எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. இப்படி ஆறேழு நீண்ட விடைகள். மாறிய எழுத்துகளை வரிசையாகப் படித்தால் இன்னொரு சொல் கிடைக்கும். குறிப்பின் முடிவில் கேள்விக்குறி இருந்தால் சொல்லில் ஏதோ விளையாட்டு இருக்கிறது என்று பொருள். நான் நேர்ப் பொருளில் போய்க்கொண்டிருந்தால் மாப்பிள்ளை, “அத்தை, கேள்விக்குறி இருக்கு பாருங்க” என்பார். ‘ஃப்ளவர்’ என்று கேட்டு ஆற்றை விடையாக்குவது இங்கிலாந்துப் புதிர்களில் பழைய தந்திரம். ‘ஃப்ளோ’ என்று பிரித்துப் படித்தால் பூ ஓடுகிற நீராகிவிடுகிறது. தண்டியலங்காரம் படித்தவர்கள் இதைப் பிரிமொழிச் சிலேடை என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். காளமேகத்தின் நாட்டிலிருந்து வந்த எனக்கு இந்தப் புதிர் அன்னியமாகவே தோன்றியதில்லை.

1950 செப்டம்பரில் தினசரிப் புதிரும் வந்தது. 1969இல் மார்கரெட் ஓய்வு பெற்றார். பின்னால் வந்த வில் வெங், ‘டைம்ஸ்’ நகரச் செய்திப் பிரிவில் செய்திகளைத் திருத்தும் மேஜைக்குத் தலைவராக இருந்தவர். நகைச்சுவைக்கு அவர் கதவைத் திறந்தார். 1977 முதல் யூஜின் மலெஸ்கா. பள்ளிக் கல்வி அதிகாரியாக இருந்தவர், மொழியில் கறார். 1993இல் வில் ஷார்ட்ஸ் வந்தார். புதிரியல் என்று ஒரு பாடத்தைத் தானே வகுத்து இந்தியானா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். தினசரிப் புதிர்களிலும் அமைத்தவரின் பெயரைப் போட்டது இவர்தான். அதற்காகவே எனக்கு அவர்மேல் மதிப்பு. வருகிற குறிப்புகளில் ஏறத்தாழ பாதியை மாற்றி எழுதுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

அவர் காலத்தில் வந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஞாயிறு அல்ல, செவ்வாய்க்கிழமை: 1996 நவம்பர் 5, அதிபர் தேர்தல் நாள். ஜெரமையா ஃபாரல் என்ற கணிதப் பேராசிரியர் அமைத்தது. நாளைய பத்திரிகையின் தலைப்புச் செய்தி என்ன என்று குறிப்பு. கிளின்டன் என்று எழுதினாலும் பொருந்தும், பாப் டோல் என்று எழுதினாலும் பொருந்தும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஏழெழுத்து. குறுக்கே இறங்கும் ஏழு குறிப்புகளும் இரண்டு விடைக்கும் இடம் கொடுத்தன. ஹாலோவீன் நாளின் கறுப்புப் பிராணி பூனையாகவும் இருக்கலாம், வௌவாலாகவும் இருக்கலாம். வாக்கு எண்ணும் முன்பே எப்படிக் கிளின்டன் என்று போட்டீர்கள் என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். டோல் என்று நிரப்பியவர்கள் அதே கோபத்தோடு எதிர்த்திசையில் இருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தும் இரண்டு சொல்லுக்குப் பொறுப்பு என்ற விதி இல்லாமல் இந்த அற்புதம் சாத்தியமில்லை. பெத்தர்பிரிட்ஜ் என்ற காரியதரிசியும் அவருடைய இரண்டு தோழர்களும் வகுத்த விதி அது.

‘டைம்ஸ்’ வேலை முடிந்த பிறகும் மார்கரெட் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. 1924இல் தொடங்கிய புத்தக வரிசையைத் தொடர்ந்து கவனித்துவந்தார். 1984 ஜூனில், 87ஆம் வயதில் இறந்தபோது அவர் கையில் இருந்தது அதன் 134ஆவது புத்தகத்தின் வேலை.