பாலை விலக்கியவர்களும் சுண்ணாம்பு தின்றவர்களும்

சிறுநீரகத்தில் கல் என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டால், நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பால். அடுத்தது தயிர். எலும்புத் தேய்மானத்துக்கு எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரையும் அலமாரிக்குள் போய்விடும். சாப்பிட்டால் கல் வளரும், சாப்பிடாவிட்டால் இடுப்பெலும்பு முறியும் என்று இரண்டு பயத்துக்கும் நடுவில் நிற்கிறவர்கள், அதிலும் பெண்கள், என் வயதில் நிறையப் பேர் உண்டு. இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

பிரெஞ்சில் படித்த எங்களுக்குக் கல்லடைப்பு என்றாலே மோந்தேன் நினைவுக்கு வருவார். அந்த நோய்க்கு அவர் காலத்தில் 'லா பியேர்' என்றே பெயர். கல் என்று அர்த்தம். 1580இல் புறப்பட்டு, மருந்து நீர் ஊற்றுகளைத் தேடி இத்தாலி வரை போனார். எவ்வளவு தண்ணீர் குடித்தார், எத்தனை கல் இறங்கியது என்பதையெல்லாம் கருவூலத்துக் குமாஸ்தாவைப் போலக் குறித்து வைத்தார். அன்றைய வைத்தியங்களில் நிறையத் தண்ணீர் குடிப்பது மட்டும் இன்றைக்கும் செல்லுபடியாகிறது.

அதற்கடுத்த கதைதான் வேடிக்கை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜோவன்னா ஸ்டீபன்ஸ் என்ற பெண்மணி, அறுவை இல்லாமல் கல்லைக் கரைக்கும் மருந்து தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். ரகசியத்தை வெளியிட அவர் கேட்ட விலை 5,000 பவுன். மயக்க மருந்து இல்லாத காலம். கத்திக்குப் பயந்தவர்கள் எதையும் நம்பத் தயாராக இருந்தார்கள். பாராளுமன்றமே சட்டம் போட்டுப் பணத்தைக் கொடுத்தது. 1739இல் ரகசியம் வெளியானது. சுட்ட முட்டை ஓடு, சுட்ட நத்தை, சோப்பு, சில மூலிகைகள். முட்டை ஓட்டையும் நத்தை ஓட்டையும் சுட்டால் கிடைப்பது சுண்ணாம்பு, அதாவது கால்சியம்! முன்னாள் பிரதமர் ராபர்ட் வால்போல் கூடச் சுண்ணாம்பும் சோப்பும் சாப்பிட்டுப் பார்த்தார். பாரீஸ் அறிவியல் அக்காதெமியில் மொரான் என்ற அறுவை வைத்தியர் இந்த மருந்தைப் பற்றி அறிக்கை படித்தார். இன்று நாம் எதைக் கண்டு பயப்படுகிறோமோ, அதையே அன்று கல்லுக்கு மருந்தாகத் தின்றிருக்கிறார்கள்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1797இல் வொல்லஸ்டன் என்ற ஆங்கிலேயர், மல்பெரிப் பழம் போலச் சொரசொரப்பான ஒருவகைக் கல்லைச் சோதித்து, அது சுண்ணாம்பும் ஆக்ஸாலிக் அமிலமும் சேர்ந்தது என்றார். பாரீஸில் ஃபூர்க்ருவா, வோக்லன் இருவரும் நூற்றுக்கணக்கான கற்களைச் சோதித்தார்கள். கற்களில் பல வகை உண்டு என்றாலும், இன்று சிறுநீரகத்தில் மிக அதிகமாகக் காணப்படுவது இந்தக் கால்சியம் ஆக்ஸலேட் கல்தான்.

பால் தடைக்கு அஸ்திவாரம் 1939இல் விழுந்தது. அமெரிக்காவில் ஃப்ளாக்ஸ் என்ற மருத்துவர், கல் உள்ளவர்கள் பலருக்குச் சிறுநீரில் கால்சியம் கூடுதலாகப் போவதைக் காட்டினார். கல்லிலும் கால்சியம், சிறுநீரிலும் கால்சியம். அப்படியானால் வாயில் போடும் கால்சியத்தைக் குறைப்போம் என்பது இயல்பான முடிவு. யாருக்கும் சரியென்றே படும். சோதித்துப் பார்க்காமலே அது பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது.

1993இல் ஹார்வர்டைச் சேர்ந்த கர்ஹானும் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதுவரை கல் வராத 45,619 ஆண்களை நான்கு ஆண்டுகள் கவனித்ததில், உணவில் அதிகக் கால்சியம் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட, கல் வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு! காரணம் குடலில் இருக்கிறது. கீரையிலும் கொட்டைகளிலும் டீயிலும் உள்ள ஆக்ஸலேட்டை, கூடவே வரும் கால்சியம் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது. கால்சியம் இல்லாவிட்டால் அந்த ஆக்ஸலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வருகிறது. கீரையோடு தயிர் ஆகாது என்பார்கள் நம் பெரியவர்கள். கல் விஷயத்தில் மட்டும் பார்த்தால் அந்தச் சேர்க்கை நல்லதுதான்.

மாத்திரை வேறு மாதிரி நடந்துகொண்டது. 1997இல் அதே குழு, 90,000க்கும் மேற்பட்ட செவிலியப் பெண்களைப் பற்றி எழுதியது. உணவில் வரும் கால்சியம் இவர்களையும் காத்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கோ கல் 20 சதவீதம் கூடுதல். பலர் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக விழுங்கியது காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆனால் அது மட்டும் முழுக் காரணமாகத் தெரியவில்லை. மாதவிடாய் நின்ற 36,282 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2006இல் வந்தது. மாத்திரையை உணவோடு சாப்பிடும்படிதான் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அப்படியும் ஏழு ஆண்டுகளில், கால்சியமும் வைட்டமின் டியும் பெற்றவர்களில் 449 பேருக்குக் கல்; வெறும் மாத்திரை பெற்றவர்களில் 381 பேருக்கு. கூடுதல் உண்மைதான், ஆனால் எத்தனை ஆயிரம் பேரில் என்பதையும் பார்க்க வேண்டும்.

பால் தடையை நேருக்கு நேர் சோதித்தவர் இத்தாலியில் பார்மா நகரத்து போர்கி. அடிக்கடி கல் வந்த 120 ஆண்களை இரண்டு பாதியாகப் பிரித்தார். ஒரு பாதிக்குக் கால்சியம் குறைந்த பத்தியம். மறு பாதிக்கு வழக்கமான கால்சியம். உப்பும் இறைச்சியும் மட்டும் குறைவு. ஐந்து ஆண்டில் முதல் 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல். இரண்டாவது 60 பேரில் 12 பேருக்குத்தான். இது வெளியான ஆண்டு 2002. புதிய சுற்றறிக்கை வந்த பிறகும் பழையதையே பார்த்துக் குறிப்பு எழுதும் பிரிவுகளை நான் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். பால் விஷயத்தில் நம் வீடுகளும் அப்படித்தான் இருக்கின்றன.

மாத்திரை வேண்டுமா, எவ்வளவு, எந்த வேளை என்பது அவரவர் டாக்டர் சொல்ல வேண்டியது. பழைய கல் ஒன்று வெளியே வந்திருந்தால், அது எந்த வகை என்று சோதித்த ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். தயிர்ச் சாதத்தில் உப்பை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.