புதுச்செவ்வியற் கட்டடக் கலை

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் தோன்றி, ஏறக்குறைய நூறாண்டுக் காலம் அக்கண்டத்திலும் அமெரிக்காவிலும் ஐரோப்பியர் ஆட்சி செலுத்திய கீழ்த்திசை நகரங்களிலும் பெருவழக்காக நிலவிய கட்டட மரபு புதுச்செவ்வியற் கட்டடக் கலை எனப்படும். பண்டைக் கிரேக்கரும் ரோமரும் கையாண்ட தூண் முறைகளையும் விகிதப் பிரமாணங்களையும் ஆதாரமாகக் கொண்டு, மிகையான அலங்காரத்தை விலக்கி, நேர்கோட்டின் தெளிவையும் திண்மையின் கம்பீரத்தையும் நாடுவது இதன் லட்சணம். இடிபாடுகளின்மேல் ஏறி நின்று, நூல் பிடித்து அளந்து, அளந்தவற்றை வரைந்து அச்சிட்ட அறிஞர்களின் உழைப்பே இம்மரபை ஈன்றது என்பது இதன் வரலாற்றில் முதன்மையாகக் கருதத்தக்கது.

பண்டை மூலங்கள்: நிறுத்திய தூண்களின்மேல் உத்தரங்களைக் கிடத்தி எழுப்புவதே கிரேக்கக் கோயிலின் அமைப்பு. தூணும், போதிகையும், அவற்றின்மேல் அமையும் பிரஸ்தரமும் ஒன்றுக்கொன்று எவ்வளவினதாக இருத்தல் வேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சீர்செய்து, கிரேக்கச் சிற்பிகள் மூன்று முறைகளை வகுத்தனர். பீடமின்றித் தளத்திலிருந்தே தடித்தெழுந்து எளிய போதிகையைத் தாங்குவது டோரிக் முறை. மெலிந்துயர்ந்து, போதிகையில் சுருள்களைப் பெற்றிருப்பது அயோனிக் முறை. அக்காந்தஸ் என்னும் செடியின் இலைக்கொத்தைப் போதிகையில் தாங்குவது கொரிந்திய முறை. கி.மு. 447இல் தொடங்கி, இக்டினஸ், காலிக்ரட்டீஸ் என்னும் இருவரின் மேற்பார்வையில் ஏதென்ஸ் நகரக் குன்றின்மீது எழுந்த பார்த்தினன் கோயில் டோரிக் முறையின் சிகரம் எனலாம். அதன் தளம் நடுவில் இலேசாக உயர்ந்தும், தூண்கள் இடையில் சற்றே புடைத்தும் அமைந்திருக்கும் நுட்பம் கண்டோர் வியக்கத்தக்கது.

இம்முறைகளைச் சுவீகரித்த ரோமர், அவற்றுடன் வளைவையும் குவிமாடத்தையும் எரிமலைச் சாம்பல் கலந்த காங்கிரீட்டையும் சேர்த்தனர். ஹேட்ரியன் சக்கரவர்த்தியின் காலத்தில் முடிவுற்ற பாந்தியன் கோயிலின் குவிமாடம், சுமார் 43 மீட்டர் குறுக்களவுடன், உச்சியிலுள்ள வட்டத் துளையின் வழியே ஒளி பெற்று இன்றும் நிலைத்திருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் பத்துப் பகுதிகளாக இயற்றிய கட்டட சாஸ்திரம், உறுதி, பயன், அழகு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்ததே கட்டடம் என விதித்தது. பண்டைக் காலத்திலிருந்து முழுமையாக நமக்குக் கிடைத்த ஒரே கட்டட நூல் அதுவாதலால், மறுமலர்ச்சிக் காலத்துச் சிற்பிகள் அதனைப் பிரமாண நூலாகவே போற்றினர். அவர்களுள் தலைசிறந்த பல்லாடியோ 1570இல் வெளியிட்ட நூல், ரோமானியக் கலையை ஆங்கில நாடு வரையில் கொண்டு சேர்த்தது.

தோற்றம்: 18ஆம் நூற்றாண்டில், பரோக், ரொக்கோக்கோ பாணிகளின் நெளிவும் பொன்மெருகும் மிதமிஞ்சிப் போகவே, அறிஞர் மனம் எளிமையை நாடிற்று. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையால் மூடுண்ட ஹெர்க்குலேனியம் நகரை 1738இலும், பாம்பேயி நகரை 1748இலும் தோண்டத் தொடங்கியபோது, பண்டையோர் வாழ்ந்த வீடுகளே கண்முன் வெளிப்பட்டன. தூணும் உத்தரமும் கூரையுமே கட்டடத்தின் சாரம் என்று லோஜியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1753இல் வாதித்தார். கிரேக்கக் கலையின் மாண்பை விங்கெல்மன் 1764இல் வெளியிட்ட கலை வரலாறு நிலைநாட்டிற்று. பிரானேசியோ ரோமரின் பெருமையைத் தம் செதுக்கோவியங்களால் பறைசாற்றினார். துருக்கியர் ஆட்சியிலிருந்த ஏதென்ஸுக்கு 1751இல் சென்ற ஸ்டூவர்ட், ரெவெட் என்னும் ஆங்கிலேயர் இருவர் அங்குள்ள கட்டடங்களை அங்குலம் அங்குலமாக அளந்து, 1762இல் முதல் தொகுதியை வெளியிட்டனர். அதில் இடம்பெற்ற இலிசஸ் ஆற்றங்கரைக் கோயில் 1778இல் இடிக்கப்பட்டுவிட்டமையால், அதன் வடிவத்தை இன்று நாம் அறிவது பெரும்பாலும் அவ்வரைபடங்களைக் கொண்டே.

பரவல்: பாரிஸில் சூஃப்ளோ வகுத்த பாந்தியன், கொரிந்தியத் தூண் முகப்பும் உயர்ந்த குவிமாடமும் கொண்டு தேவாலயமாகத் தொடங்கி, 1791இல் தேசியப் பெரியோரின் நினைவாலயமாயிற்று. பெர்லினில் லாங்ஹன்ஸ் ஏதென்ஸின் குன்று வாயிலை முன்மாதிரியாக வைத்து பிராண்டன்பர்க் வாயிலைக் கட்டினார். அந்நகரிலேயே ஷிங்கெல் 18 அயோனிக் தூண்களை ஒரே வரிசையில் நிறுத்திப் பழைய அருங்காட்சியகத்தை அமைத்தார். அமெரிக்காவில் ஜெஃபர்சன், நீம் நகரத்து ரோமானியக் கோயிலைப் பின்பற்றி வர்ஜீனியாவின் சட்டசபைக் கட்டடத்தை வகுத்தார். முடியரசும் குடியரசும் ஒரே வடிவத்தில் தத்தம் லட்சியத்தைக் கண்டன. ஒன்று ரோமப் பேரரசின் மாட்சிமையையும், மற்றொன்று ஏதென்ஸ் மக்களின் சுதந்தரத்தையும் அதில் போற்றின.

இந்தியாவில்: கல்கத்தாவின் அரசாங்க மாளிகை (1803), ராபர்ட் ஆடம் பணியாற்றிய கெடில்ஸ்டன் மாளிகையைத் தழுவியது. சென்னையில் கோல்டிங்ஹாம் 1802இல் கட்டிமுடித்த விருந்து மண்டபம் இன்று ராஜாஜி மண்டபமாக விளங்குகிறது. எழும்பூரில் டி ஹாவிலண்ட் கட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் (1821), நெகிழ்ந்த நிலத்தில் கிணறுகள் இறக்கி அஸ்திவாரமிடும் நம் நாட்டு முறையைக் கைக்கொண்டு, வட்டக் கூடத்தின்மேல் செங்கற் குவிமாடத்தைத் தாங்கி நிற்கிறது. பச்சையப்பன் மண்டபமோ ஏதென்ஸின் தீசியஸ் கோயிலை முன்மாதிரியாகக் கொண்டது. சலவைக்கல் கிடைக்காத இந்நகரில், கொத்தனார்கள் கிளிஞ்சற் சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிச் செங்கல் தூண்களைச் சலவைக்கல்லெனவே ஒளிரச் செய்தனர்.

வீழ்ச்சியும் மதிப்பீடும்: கிரேக்கக் கோயில்கள் ஒருகாலத்தில் வர்ணம் தீட்டப்பெற்றிருந்தன என்பதை ஹிட்டார்ஃப் முதலியோர் 19ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டவே, வெண்மையே செம்மை என்ற கொள்கை தளர்ந்தது. 1834இல் தீக்கிரையான ஆங்கிலப் பாராளுமன்றம் காதிக் பாணியில் மீண்டும் எழுந்தது. இரும்பும் கண்ணாடியும் வேறு வடிவங்களை வேண்டின. ஆயினும் 1922இல் திறக்கப்பட்ட லிங்கன் நினைவாலயம் போன்றவை அம்மரபை இருபதாம் நூற்றாண்டுக்கும் கொண்டுவந்தன. முகப்பை மட்டும் பெயர்த்தெடுத்து ஒட்டிய இடங்களில் இக்கலை வறண்டது. பிரமாணத்தின் உட்பொருளை உணர்ந்து, அந்தந்த மண்ணுக்கும் பொருளுக்கும் இசையக் கட்டிய இடங்களில் அது மூலத்திற்கு ஈடான சிறப்பையே எய்தியது.