கார் ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்ற எவ்வளவு ஆகும்?

வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை. பட்டறையில் கேட்டால், "ஸ்டார்ட்டர் போய்விட்டது, 600 வெள்ளி ஆகும்" என்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் குடும்பம் நடத்துபவருக்கு அது மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பேருந்து வராத தோட்டத்தில் காரை அப்படியே நிறுத்தி வைக்கவும் முடியாது. ஆனால் அந்த 600 வெள்ளியை எல்லோரும் கொடுத்தாக வேண்டியதில்லை.

முதலில், பழுது ஸ்டார்ட்டரில்தானா என்று பார்க்க வேண்டும். 'டக் டக் டக்' என்று வேகமாகச் சத்தம் வந்து, டாஷ்போர்டு விளக்குகளும் மங்கினால் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். நம் நாட்டு வெயிலில் பேட்டரி இரண்டு ஆண்டு தாங்கினாலே பெரிது. பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்து இறுக்கினாலே சில கார்கள் கிளம்பிவிடும். சத்தமே இல்லையென்றால், ஆட்டோ கியர் காரில் கியரை 'என்' நிலைக்கு மாற்றி ஒருமுறை முயன்று பார்க்கலாம். அதில் கிளம்பினால் கோளாறு கியர் சுவிட்சில் இருக்கிறது. ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம். விளக்குகள் பிரகாசமாக எரிந்தும் கனமாக ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் அப்போதுதான் சந்தேகம் ஸ்டார்ட்டர் மீது திரும்ப வேண்டும்.

அப்போதும் முழு மோட்டாரையும் மாற்றத் தேவையிருக்காது. உள்ளே அதிகம் தேய்வது கார்பன் பிரஷ், சோலனாய்டின் செம்புத் தொடுமுனை ஆகிய சின்னச் சாமான்கள்தாம். கார் வயரிங் வேலை மட்டும் செய்யும் பழைய வயர்மேன் கடைகளில் இவற்றை மாற்றித் தருகிறார்கள். கூலியோடு சேர்த்து பெரும்பாலும் 150 வெள்ளிக்குள் முடிந்துவிடும். பல பட்டறைகளில் இதைச் சொல்வதில்லை. கழற்றிப் பிரித்து உட்கார்ந்து வேலை பார்ப்பதைவிட முழுதாக மாற்றுவது அவர்களுக்குச் சுலபம்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், மைவி, சாகா போன்ற உள்நாட்டுக் கார்களுக்கு ரீகண்டிஷன் செய்த ஸ்டார்ட்டர் சுமார் 150 முதல் 250 வெள்ளி வரை கிடைக்கிறது. புதியது, தயாரிப்பைப் பொறுத்து அதைப்போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகலாம். ஜப்பானியக் கார்களுக்கு இன்னும் கூடும். ஐரோப்பியக் கார்களுக்கு ஆயிரம் வெள்ளியைத் தாண்டுவதும் உண்டு. உள்நாட்டுக் கார்களுக்குக் கூலி பொதுவாக 50 முதல் 100 வெள்ளி. சில கார்களில் ஸ்டார்ட்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதை எடுக்கவே பாதி நாள் போய்விடும் என்பதால் கூலியும் ஏறும்.

பத்து ஆண்டு ஓடிய காருக்கு நல்ல ரீகண்டிஷன் போதும். ஆனால் வெளியே பெயிண்ட் மட்டும் அடித்த பழைய மோட்டாரும் 'ரீகண்டிஷன்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. உள்ளே என்னென்ன மாற்றினார்கள், எத்தனை மாத உத்தரவாதம், சொன்ன விலை பழைய ஸ்டார்ட்டரைக் கொடுத்தாலா கொடுக்காமலா என்று முன்கூட்டியே கேட்டு, ரசீதில் எழுதி வாங்க வேண்டும். ஸ்டார்ட்டர் மேல் இன்ஜின் எண்ணெய் சொட்டுகிறதா என்றும் பார்க்கச் சொல்லலாம். அந்தக் கசிவை அடைக்காமல் புதிய மோட்டாரைப் பூட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

வீட்டிலேயே கழற்றத் தெரிந்தவர்கள் முதலில் பேட்டரியின் நெகடிவ் வயரை எடுத்துவிட வேண்டும். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயரில் பெரும்பாலும் ஃபியூஸ் இருக்காது. ஸ்பேனர் அதில் உரசினால் தீப்பொறி பறக்கும்.

வழியில் கார் நின்றுவிட்டால், மேனுவல் காரைத் தள்ளிக் கிளப்பலாம். ஆட்டோ கியர் காரில் அது நடக்காது. ஸ்பேனர் பிடியால் ஸ்டார்ட்டரை மெதுவாகத் தட்டினால் சில நேரம் ஒருமுறை கிளம்பும். அது பட்டறைவரை போய்ச் சேர்வதற்கு மட்டுமே. முழு காப்புறுதி எடுத்தவர்கள் தெரியாத இழுவை லாரியைக் கூப்பிடுவதற்கு முன் தங்கள் காப்புறுதியில் இலவச இழுவைச் சேவை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

உத்தரவாதம் தந்த பட்டறை பின்னர் கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் செய்யலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். ரசீது கையில் இருக்க வேண்டும்.