அலுவலகத்தில் அச்சும் ஸ்கேனும்: வீண்விரயத்தைக் குறைப்பது எப்படி?

புதிதாகக் கடையோ அலுவலகமோ தொடங்குபவர்கள் பிரிண்டர் வாங்கப் போனால் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "எது விலை குறைவு?" என்பதுதான். இரண்டு மூன்று மாதங்கள் கழிந்து கார்ட்ரிட்ஜ் தீர்ந்து, புதிய கார்ட்ரிட்ஜின் விலையைக் கேட்கும்போதுதான் உண்மையான செலவு எங்கே இருக்கிறது என்று புரியும். பிரிண்டரை ஒருமுறைதான் வாங்குகிறோம். தாளையும் மையையும் அது உயிரோடு இருக்கும்வரை வாங்கிக்கொண்டே இருக்கிறோம். பணம் வீணாவதும் சுற்றுச்சூழல் கெடுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது செலவில்தான்.

சுற்றுச்சூழலுக்கு உகந்த அச்சு என்றால் விலை உயர்ந்த இயந்திரம் வாங்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். சிறு வணிகத்தைப் பொறுத்தவரை அப்படியில்லை. பூமிக்குச் சுமையைக் குறைக்கும் வழிகளில் பெரும்பாலானவை நம் பைக்கும் சுமையைக் குறைப்பவையே. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கணக்கு தாளில்

ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். 500 தாள்கள் கொண்ட ஒரு ரீம் இரண்டரை கிலோ. நாளொன்றுக்கு 200 பக்கம் அச்சிடும் அலுவலகம் ஆண்டுக்கு 300 நாள் இயங்கினால் 60,000 தாள், அதாவது 120 ரீம், 300 கிலோ காகிதம் செலவாகும். இது நடுத்தரமான ஓர் அலுவலகத்தின் கணக்குதான்.

ஒரு தாளை அச்சிட ஆகும் மின்சாரத்தைவிட அந்தத் தாளைத் தயாரிக்க ஆகும் ஆற்றல் பல மடங்கு அதிகம். அதோடு தண்ணீரும் மரக்கூழும் சேர்கின்றன. எனவே எந்தப் பிரிண்டர் வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கணினியில் பிரிண்டர் அமைப்புக்குள் போய் இருபக்க அச்சை நிரந்தரமாகத் தேர்வு செய்து வையுங்கள். மேலே சொன்ன அலுவலகம் எல்லாவற்றையும் இருபுறமும் அச்சிட்டால் 150 கிலோ காகிதம் மிச்சம். தானாகத் தாளைத் திருப்பிப் போடும் வசதியுள்ள பிரிண்டரை வாங்குவது இதனால்தான் முக்கியம். கையால் திருப்பிப் போட வேண்டுமென்றால் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் செய்ய மாட்டார்கள்.

தாளின் தேர்விலும் கவனம் வேண்டும். அலுவலகத்துக்குள் சுற்றும் தாள்களுக்கு 70 கிராம் தாள் போதுமானது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் தயாரிக்கிறது. மரத்தை மட்டுமே நம்பாத தாள் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

லேசரா, இங்க்ஜெட்டா?

லேசர் பிரிண்டரும் ஜெராக்ஸ் இயந்திரமும் ஒரே தொழில்நுட்பத்தின் இரு வடிவங்கள். 1938இல் அமெரிக்காவைச் சேர்ந்த செஸ்டர் கார்ல்சன் கண்டுபிடித்த உலர் நகல் முறைதான் இரண்டுக்கும் அடிப்படை. நிலைமின்சாரத்தின் உதவியால் டோனர் என்ற பொடி தாளில் எழுத்து வடிவில் ஒட்டிக்கொள்கிறது. டோனர் என்பது நிறமி கலந்த நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. அதை உருக்கித் தாளோடு ஒட்டவைக்க உள்ளே இருக்கும் உருளை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். லேசர் பிரிண்டர் அச்சிடும்போது சில நூறு வாட் மின்சாரம் இழுப்பதற்கும், தாள் சுடச்சுட வெளியே வருவதற்கும் இதுவே காரணம். சூடாகும் அந்தச் சில நொடிகளில் இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது. எனவே லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் இணைக்க வேண்டாம்.

இங்க்ஜெட்டில் திரவ மை நுண்துளைகள் வழியாகத் துளித்துளியாகத் தாளில் தெளிக்கப்படுகிறது. உருக்கும் வேலை இல்லாததால் மின்செலவு பல மடங்கு குறைவு. பழைய இங்க்ஜெட்டுக்குச் செலவு அதிகம் என்ற கெட்ட பெயர் வரக் காரணம் அதன் சின்னஞ்சிறு கார்ட்ரிட்ஜ்தான். இப்போது பாட்டிலிலிருந்து மை ஊற்றும் டேங்க் வகைப் பிரிண்டர்கள் பரவலாகிவிட்டன. ஒரு பாட்டில் கறுப்பு மையில் சில ஆயிரம் பக்கங்கள் அச்சிடலாம். தூக்கி எறியப்படுவது ஒரு காலி பாட்டில் மட்டுமே. எப்சன் நிறுவனம் 2026க்குள் உலகெங்கும் லேசர் பிரிண்டர் விற்பனையை முழுமையாக நிறுத்திவிட்டு இங்க்ஜெட்டுக்கு மாறப்போவதாக 2022இல் அறிவித்தது. இரண்டு வகையையும் விற்கும் நிறுவனங்களும் உள்ளன.

அப்படியானால் எல்லோரும் இங்க்ஜெட் வாங்கிவிடலாமா? கூடாது. வாரத்துக்கு நான்கைந்து பக்கம் மட்டும் அச்சிடும் இடத்தில் இங்க்ஜெட்டின் மை உலர்ந்து துளைகள் அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் மை வீணாகும். அந்தக் கழிவு மை உள்ளே இருக்கும் பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்துவிட்டால் பிரிண்டர் வேலை செய்ய மறுக்கும். கழிவு மைப் பெட்டியை நாமே மாற்றக்கூடிய மாடலாக இருந்தால் சில நிமிட வேலை; இல்லையென்றால் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போக வேண்டும்.

தினமும் பத்து இருபது பக்கமாவது அச்சிடுபவர்களுக்கும் வண்ண அச்சு தேவைப்படுபவர்களுக்கும் டேங்க் வகை இங்க்ஜெட் ஏற்றது. எப்போதாவது மட்டும், கறுப்பில் மட்டும் அச்சிடுபவர்களுக்குச் சிறிய லேசர் நல்லது. ரசீது, ஒப்பந்தம் போன்றவற்றை இங்க்ஜெட்டில் அச்சிடுவதானால் கறுப்பு மை நிறமி வகையா என்று கேட்டு வாங்குங்கள். சாய வகை மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். இங்க்ஜெட்டை எப்போதும் அதன் பொத்தானில்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் மைத்தலை மூடிக்கொள்ளும். சுவர் சுவிட்சை நேராக அணைத்தால் மைத்தலை திறந்தபடியே நின்று உலர்ந்துபோகும்.

பக்கச் செலவைப் பாருங்கள்

கார்ட்ரிட்ஜ் பெட்டியில் இத்தனை பக்கம் என்று போட்டிருப்பார்கள். லேசர் டோனருக்கு ஐஎஸ்ஓ 19752 போன்ற சர்வதேச அளவுமுறைகள் உள்ளன. பக்கத்தில் ஏறத்தாழ 5 சதவீதப் பரப்பு மட்டும் மை படியும் என்ற அடிப்படையில் கணக்கிடப்படுபவை இவை. கட்டமும் லோகோவும் நிறைந்த பில் அச்சிட்டால் அந்த எண்ணிக்கை கிடைக்காது.

கார்ட்ரிட்ஜின் விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு கணக்குக்காக, 1,500 ரூபாய் டோனர் 1,500 பக்கம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஒரு ரூபாய். 500 ரூபாய் மை பாட்டில் 5,000 பக்கம் தந்தால் பக்கத்துக்குப் பத்து காசு. ஆண்டுக்கு 60,000 பக்கம் அச்சிடும் அலுவலகத்தில் இது 60,000 ரூபாய்க்கும் 6,000 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். பிரிண்டரின் விலையில் சேமித்த சில ஆயிரங்கள் இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

காலி கார்ட்ரிட்ஜ் எங்கே போகிறது?

நம் நாட்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதன் பட்டியலில் பிரிண்டர் மட்டுமல்ல, கார்ட்ரிட்ஜும் சேர்க்கப்பட்டுள்ளது. விற்ற பொருளின் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்பது அந்த விதியின் அடிப்படை. எனவே காலி கார்ட்ரிட்ஜைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டியதில்லை. கம்பெனியின் சேகரிப்பு வழியையோ அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரையோ கேட்டு ஒப்படைக்கலாம்.

ரீஃபில் செய்வது விரயத்தைக் குறைக்கும். ஆனால் தரமற்ற டோனர் உள்ளே கசிந்து உருளையைக் கெடுத்தால் முழுப் பிரிண்டரும் குப்பையாகிவிடும். தேய்ந்த பாகங்களை மாற்றித் தரும் நல்ல மெக்கானிக்கிடம் மட்டும் செய்யுங்கள். டோனர் சிந்திவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் பொடி இளகி ஒட்டிக்கொள்ளும்.

மறைந்துபோகும் பில்கள்

கடைகளில் பயன்படும் சிறிய பில் இயந்திரத்துக்கு மையே தேவையில்லை. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனம் பூசிய தெர்மல் தாள் அது. மை இல்லையே என்று நல்லதாக நினைத்துவிட வேண்டாம். இந்தத் தாளின் பூச்சில் பிஸ்பினால் ஏ என்ற ரசாயனம் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் அதன் அளவை 0.02 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. இந்தத் தாளைப் பழைய பேப்பரோடு சேர்த்து மறுசுழற்சிக்குப் போடவும் கூடாது.

வணிகர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, எழுத்து மறைந்துபோவது. வெயில், சூடு, செலோடேப், பிளாஸ்டிக் உறை ஆகிய எல்லாம் தெர்மல் எழுத்தை அழிக்கும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்குரிய ஆண்டறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கொள்முதல் பில் தெர்மல் தாளில் இருந்தால், அதிகாரி கேட்கும் நாளில் ஃபைலில் இருப்பது வெற்றுத் தாளாக இருக்கலாம். எனவே தெர்மல் பில் கைக்கு வந்த அன்றே ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

ஸ்கேன் செய்வதில் ஒழுங்கு

தேடி எடுக்க முடியாத ஸ்கேனால் பயனில்லை. "ஸ்கேன் 0047" என்ற பெயரில் ஆயிரம் கோப்புகள் கிடந்தால் கடைசியில் பழைய ஃபைலைத் தேடி எடுத்து மறுபடியும் ஜெராக்ஸ் எடுப்போம். ஆண்டு, மாதம், தேதி, பார்ட்டி பெயர், பில் எண் என்ற வரிசையில் பெயரிடுங்கள். ஆண்டு முதலில் வந்தால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும்.

சாதாரண ஆவணத்துக்கு 300 டிபிஐ போதும். அந்த அளவில் ஓர் ஏ4 பக்கம், சுருக்குவதற்கு முன், வண்ணத்தில் ஏறத்தாழ 26 எம்பி, சாம்பல் நிறத்தில் ஏறத்தாழ 9 எம்பி, வெறும் கறுப்பு வெள்ளையில் ஒரு எம்பிக்குச் சற்று அதிகம். பில்லை வண்ணத்தில் ஸ்கேன் செய்து சேமிப்பிடத்தை நிரப்ப வேண்டியதில்லை. முத்திரையும் கையெழுத்தும் உள்ளவற்றுக்கு மட்டும் வண்ணம் போதும். நீண்ட காலம் வைக்க வேண்டியவற்றை பிடிஎஃப்-ஏ வடிவில் சேமியுங்கள். ஆவணக் காப்புக்காகவே 2005இல் வகுக்கப்பட்ட தர வடிவம் இது. எழுத்தறியும் மென்பொருளைப் பயன்படுத்தினால் கோப்புக்குள் சொல்லைத் தேடலாம். டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழ் எழுத்தையும் படிக்கும்.

நிறைய தாள் இருந்தால், தாள்களைத் தானாக இழுக்கும் ஸ்கேனர் நேரத்தை மிச்சப்படுத்தும். பழைய பத்திரம், ஒட்டுப்போட்ட தாள் போன்றவற்றைக் கண்ணாடியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியை மறக்காதீர்கள். ஒரே கணினியில் மட்டும் இருக்கும் ஸ்கேன், அந்தக் கணினி பழுதானால் போய்விடும்.

எதைத் தாளிலேயே வைக்க வேண்டும்?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 மின்னணு ஆவணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. ஆனால் உயில், அறக்கட்டளைப் பத்திரம் போன்றவை அதன் வரம்புக்கு வெளியே உள்ளன. கிரையப் பத்திரம், முத்திரைத்தாள் ஒப்பந்தம் ஆகியவற்றின் அசலை ஸ்கேன் செய்துவிட்டோம் என்று ஒருபோதும் கிழித்துப் போடக் கூடாது. மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழும் தேவை.

மறுபக்கம், அச்சிடவே தேவையில்லாதவையும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் தம் வணிக வாடிக்கையாளர்களுக்கு மின் விலைப்பட்டியல் தர வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். அப்படிப்பட்ட சரக்கு வண்டியில் போகும்போது அதிகாரியிடம் கியூஆர் குறியீட்டை மின்னணு வடிவிலேயே காட்ட விதி அனுமதிக்கிறது. பழக்கத்தால் மூன்று பிரதி எடுப்பவர்கள் இதைத் தங்கள் கணக்காளரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இயந்திரத்தின் நினைவு

பெரிய ஜெராக்ஸ் மற்றும் பல்பணி இயந்திரங்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு. நகலெடுத்த ஆதாரும் பாஸ்போர்ட்டும் வங்கிக் கணக்கும் அதில் தங்கியிருக்கக்கூடும். வாடகை இயந்திரத்தைத் திருப்பித் தரும்போதும் பழையதை விற்கும்போதும் அதை அழித்துவிட்டுத்தான் தர வேண்டும். வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த ஆவணம் நம்மிடம் உள்ள அமானிதம். பலர் ஒரே பிரிண்டரைப் பயன்படுத்தும் அலுவலகத்தில், ரகசிய எண்ணைத் தட்டினால்தான் தாள் வெளிவரும் வசதியை இயக்கி வையுங்கள். ரகசியமும் காக்கப்படும், அச்சிட்டுவிட்டு யாரும் எடுக்காமல் குவியும் தாள்களும் குறையும்.

எங்கிருந்து தொடங்குவது?

இப்போதுள்ள பிரிண்டரையே வைத்துக்கொண்டு ஒரு மாதம் எத்தனை பக்கம் அச்சிடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான பிரிண்டர்களின் அமைப்புப் பகுதியிலேயே அந்த எண்ணிக்கை இருக்கும். அதில் எத்தனை பக்கம் உண்மையில் தேவைப்பட்டது, எத்தனை பக்கம் மறுநாளே குப்பைக்குப் போனது என்று பிரித்துப் பாருங்கள். இருபக்க அச்சை இயக்கி, தெர்மல் பில்களை ஸ்கேன் செய்யும் பழக்கத்தையும் தொடங்குங்கள். புதிய இயந்திரம் தேவைதானா, தேவையென்றால் எந்த வகை என்பதற்கு விடை அந்த ஒரு மாதக் கணக்கிலேயே கிடைத்துவிடும்.